கழற்றிக் கொடுத்தேன்

திருகாணி இறுகியிருந்தது.

தாலி பிரித்துக் கோத்த நாளிலிருந்து நான் ஒருமுறைகூடக் கழற்றாத கொடி. மஞ்சளும் சோப்பும் வியர்வையும் சேர்ந்து மரையை அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு கைகளையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்த் திருகிக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவன் கத்தியோடு நின்று காத்துக்கொண்டிருந்தான்.

பட்டப்பகல். ஈப்போவில் நாங்கள் குடியிருந்த தாமானின் கடைசித் தெரு. தாமான் என்றால் வேறொன்றுமில்லை, வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. பசார் என்கிற சந்தையில் கீரையும் தக்காளியும் ஒரு துண்டு மீனும் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். வீடு கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் தாண்டிப் போகும் என்று நினைத்து ஒதுங்கினேன். அது நின்றுவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்து ஓர் இழுப்பு இழுத்தான். கொடி அறுபடவில்லை. எங்கள் ஊர் ஆசாரி செய்த கொடி, அவ்வளவு லேசில் அறுமா? நான்தான் அதோடு சேர்ந்து முன்னால் போனேன். அவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

“புக்கா!” என்றான்.

மலாயில் எனக்கு அப்போது தெரிந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தான். ‘புக்கா’ அதில் ஒன்று. கடை வாசல் பலகைகளில் எழுதியிருக்கும்; திறந்திருக்கிறது என்று அர்த்தம். திறப்பது, அவிழ்ப்பது, கழற்றுவது எல்லாவற்றுக்கும் அதுதான். வந்த முதல் வாரத்தில் கடை பூட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் படித்த சொல். இப்படிக் கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை.

“இருப்பா, கழட்டுறேன்” என்றேன், எங்கள் ஊர்த் தமிழில்.

எல்லாரும் சொன்னார்கள்

அவன் அங்கேயே நிற்கட்டும். நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வரி. என் வீட்டுக்காரருக்கு ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. காரைக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து நானும் அவரோடு ஈப்போவுக்கு வந்துசேர்ந்தேன். வந்த புதிதில் மலையைப் பார்க்கவும் மழையைப் பார்க்கவுமே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள். மத்தியானம் தாண்டினால் மழை. நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். அதுதான் தப்பு என்றார்கள் எல்லாரும்.

சங்கிலியை ரவிக்கைக்குள் போடு. பையை ரோட்டுப் பக்கத் தோளில் மாட்டாதே, சுவர்ப் பக்கம் மாட்டு. வண்டி எதிரே வரும் பக்கமாகவே நட, அப்போதுதான் வருகிறவன் தெரிவான். நடக்கும்போது போனை வெளியே எடுக்காதே. காரில் போனால் பையைக் காலடியில் வை. சீட்டில் வைத்தால் சிக்னலில் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். கேட்டைத் திறக்குமுன் தெருவின் இரண்டு முனையையும் பார்த்துக்கொள். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும்போது வாசலில் ஆண் செருப்பு கிடக்கட்டும், உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

செருப்பு யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய பழைய பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தேன். மறுநாள் அதையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இது போதாதென்று வாட்ஸப். எங்கள் தெருத் தமிழ்ப் பெண்களுக்கென்று ஒரு குழு. காலையில் தாமரைப் பூவும் இனிய வணக்கமும் வரும். அதற்குக் கீழேயே எந்த ஊரிலோ எந்தத் தெருவிலோ ஒரு பெண்ணை மோட்டாரில் இழுத்துக்கொண்டு போகும் வீடியோ வரும். வழிப்பறிக்கு இங்கே ‘ராகுட்’ என்று பெயர். எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று எழுதிவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவார்கள். எனக்கு இட்லி இறங்காது.

ஈப்போ கெட்ட ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. சங்கிலி பறிக்கிறவன் இல்லாத ஊர் எது? ஆனால் பிறந்த ஊரில் எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும் என்று நமக்குத் தெரியும். புது ஊரில் எல்லா நாயும் கடிக்கிற நாய்தான்.

பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பயம் வரும், போகும். இது அலுப்பு. கறிவேப்பிலை வாங்கப் போகிறவள் போருக்குப் போகிறவள் போலக் கிளம்ப வேண்டியிருந்தால் எத்தனை நாளைக்குக் கறிவேப்பிலை வாங்குவாள்? சில நாள் கறிவேப்பிலை இல்லாமலே தாளித்தேன்.

கருவாட்டுக்காக ஒரு முட்டி

பக்கத்து வீடு லெட்சுமி அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் இல்லாமல் போன பிறகு ஈப்போவுக்கு வந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். இடது கால் கொஞ்சம் சாய்ந்து விழும். முதலில் பிறவியிலேயே அப்படியோ என்று நினைத்திருந்தேன்.

“அந்தக் காலத்துல தோட்டத்துல எல்லாம் திருட்டே இருந்திருக்காது, இல்லக்கா?” என்று ஒருநாள் கேட்டேன். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

“யாரு சொன்னா? லயத்து வரிச வீட்டுல திருடுறதுக்கு என்னா இருந்துச்சு? கோழி இருந்துச்சு, அதத் திருடுனானுங்க” என்றார்.

காலைப் பற்றியும் அவரே சொன்னார். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். பின்னால் வந்த மோட்டாரில் இருந்தவன் தோள்பையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அக்கா விடவில்லை. அவனும் விடவில்லை. மோட்டாரும் நிற்கவில்லை.

“கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போய்ட்டான் லா. முட்டி ரோட்டுல தேயுது. விடு விடுன்னு மண்ட சொல்லுது. கை கேக்க மாட்டேங்குது. அப்புறம் பை வாரு அறுந்து போச்சு. பை எங்கிட்டயே இருக்கு. ஆனா கால் போச்சு.”

“பைக்குள்ள என்னக்கா இருந்துச்சு?”

“கருவாடு” என்றார். “அப்புறம் ஐசி” என்று அடையாள அட்டையையும் சேர்த்துக்கொண்டார். “ஐசிய மாத்திக்கலாம். கருவாட்டையும் மாத்திக்கலாம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

என் கழுத்தைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. அவர் தாலியை மஞ்சள் கயிற்றில்தான் போட்டிருந்தார். தங்கத்தை வீட்டில் பூட்டி வைத்திருந்தார்.

“கொடிய கழட்டி வச்சிட்டுக் கயிறு போட்டுக்க லா, மீனா. இங்க பாதி பேரு அப்பிடித்தான் போறோம், வாரோம்.”

“கழட்டவே கூடாதுக்கா. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.”

“கூடாதுன்னு ஒனக்குத் தெரியும். மோட்டார்ல வாரவனுக்குத் தெரியுமா?”

தெரியாதுதான். ஆனால் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்த விதம் அப்படி. அத்தை, அதாவது என் மாமியார், மற்ற எதற்கும் என்னை அதட்டியதில்லை. இது ஒன்றுதான் அவருடைய சட்டம். தாலி கழுத்தைவிட்டு இறங்கினால் அவர் மகன் உயிருக்கு ஆகாது. குளிக்கும்போதும் கூடாது, தூங்கும்போதும் கூடாது. திருச்சி விமான நிலையத்தில் சோதனை வாசல் ‘கீ’ என்று கத்தியது. காவலுக்கு நின்ற பெண் கழற்றச் சொன்னாள். வழியனுப்ப வந்திருந்த அத்தை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டி, ‘கழட்டாதே, கழட்டாதே’ என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் கல்யாணமானவள். தடவிப் பார்த்துவிட்டு, “போங்கக்கா” என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கொடியைத்தான் நடுத்தெருவில் நின்று திருகிக்கொண்டிருந்தேன்.

மறுபடி தெருவுக்கு

வருகிறது, வரவில்லை. கையெல்லாம் வேர்த்து வழுக்குகிறது. பின்மயிர் நாலைந்து மரையில் சிக்கிக்கொண்டு சுண்டி இழுக்கிறது. மோட்டாரில் உட்கார்ந்திருந்தவன் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினான்.

“ச்சபாட் லா, காக்” என்றான் கத்திக்காரன். சீக்கிரம் அக்கா என்கிறான். இந்த ஊரில் எல்லாரும் எந்தப் பெண்ணையும் காக் என்றுதான் கூப்பிடுவார்கள், மீன்காரர் உட்பட. கத்தியைப் பிடித்துக்கொண்டு அக்கா என்கிறானே என்று எரிச்சலாக இருந்தது.

ஓடியிருக்கலாம். கத்தியிருக்கலாம். கொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பிற்பாடு எத்தனையோ பேர் எனக்கு இந்த யோசனைகளையெல்லாம் சொன்னார்கள். அந்த நேரத்தில் என் மண்டையில் இருந்தது ஒன்றே ஒன்று, லெட்சுமி அக்காவின் முட்டி. சாமிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

திருகாணி வந்துவிட்டது.

கொடியைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் அப்படியே நீட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் காலையில் செய்கிறபடி தாலியைக் கண்களில் ஒற்றிக்கொண்டேன். வலது கண், இடது கண். பழக்கம். கத்தியை வைத்துக்கொண்டு அவன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றான். பிடுங்கவில்லை. நான் நீட்டிய பிறகுதான் வாங்கினான்.

வாங்கினான், ஏறினான், போய்விட்டார்கள். வண்டி எண்ணைப் பார்த்தாயா என்று பிறகு கேட்டார்கள். நான் தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பை சரிந்து அவை ரோட்டில் உருண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். அப்படிப் பொறுக்கியவள் நான்தான் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கிரில்லைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். மீனைக் கழுவினேன். குனிந்து நிமிரும்போது நெஞ்சில் ஒன்றும் ஆடவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வீடு ஒரு கதை

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். “ஒனக்கு ஒண்ணுமில்லையே?” என்றுதான் முதலில் கேட்டார், குறை சொல்ல மாட்டேன். நான் நடந்ததைச் சொன்னேன்.

“நீயேவா கழட்டிக் குடுத்தே?” என்றார்.

“கத்தி வச்சிருந்தாங்க.”

“சரி சரி. நல்லதுதான். நல்லதுதான்.” இரண்டாவது ‘நல்லதுதான்’ கொஞ்சம் மெலிந்திருந்தது.

சாயங்காலம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, “அம்மாகிட்ட பறிச்சிட்டுப் போயிட்டான்னு மட்டும் சொல்லிக்கலாம். நீ கழட்டுனேன்னு சொன்னா அம்மா மனசு ஒடஞ்சு போயிரும்” என்றார். யாருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அவர் அம்மா பயந்துகொண்டிருந்தாரோ, அந்த ஆளே சொல்லும்போது நான் என்ன சொல்வது? சரி என்றேன்.

ஒரு பொய்யைத் தனியாக விட்டுவைக்க முடியாது. துணைக்கு நாலு வந்து சேரும். பறித்தான் என்றால் நான் சும்மாவா நின்றேன்? இல்லை, விடாமல் பிடித்தேன். பிடித்தால் கழுத்து அறுக்காதா? அறுத்தது, ரத்தம் வந்தது. ரத்தம் வந்தால்? தையல் போட்டார்கள். இதில் பாதி அவர் சொன்னது, பாதி அத்தை ஊருக்குச் சொன்னது. என் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் திருடன் கையைக் கடித்திருந்தேன்.

ஈப்போவிலும் அதே கதைதான் ஓடியது. பார்க்க வந்தவர்கள் எத்தனை பவுன் என்று கேட்டார்கள். அடுத்ததாக, யார் அவன், எந்த இனத்து ஆள் என்று கேட்டார்கள். எல்லாரும் அதைக் கேட்டார்கள். போலீஸ் நிலையத்தில்கூட அவ்வளவு ஆர்வமாகக் கேட்கவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தான் என்றேன். “என்னா பாஷை பேசினான்?” என்றார்கள். இரண்டு வார்த்தை மலாய் பேசினான். இந்த ஊரில் இரண்டு வார்த்தை மலாய் பேசாதவர் யார்? ஆளாளுக்கு ஒரு முகத்தை அந்த ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.

மஞ்சள் கயிறு கட்டும் வரை மகன் வண்டி ஓட்டக் கூடாது என்று அத்தை ஊரிலிருந்து உத்தரவு போட்டார். என் வீட்டுக்காரர் லீவு போட்டார். மறுநாள் கோயிலுக்குப் போனோம். ஐயர் ஒன்றும் விசாரிக்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார், உள்ளே போனார், மஞ்சள் தடவிய கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

“எப்பவும் ரெடியா வச்சிருப்பீங்களா சாமி?” என்று கேட்டேன்.

“போன வாரம்கூட ஒருத்தங்க வந்தாங்கம்மா” என்றார். அவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்தான். பேச்சில் ஆச்சரியமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த அர்ச்சனைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெட்சுமி அக்காவிடம்தான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வேலை விட்டு வந்ததும் கேட்டுக்கு வருவார். தன் முட்டியைத் தட்டிக்காட்டி, “நானும் விடல, நீயும் விடல. நம்ம ரெண்டு பேரும் ஒரே மாதிரி மண்ட லா” என்பார். தோழமையோடு சொல்வார். அவர் கால் நிஜமாகவே சாய்ந்து விழுகிறது. என் கழுத்தில் இழுத்த சிவப்பு அன்று ராத்திரிக்கே மறைந்துவிட்டது. காயமே இல்லை என்பது தெரியாமலிருக்க அந்த வெக்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன். எனக்குக் கூசியது.

அதோடு கழுத்தில் வேறொரு வலி வந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் வேலையா என்று கேட்டார். இல்லை, ரோட்டில் நடக்கிறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் திரும்பிப் பாருங்கள், உங்களுக்கும் வரும். பீட்சா கொண்டுவரும் பையனிலிருந்து சர்ச்சுக்குப் போகும் தாத்தா வரை அத்தனை பேரையும் நான் சந்தேகப்பட்டேன். ஒரு மனுஷியாக இருப்பதற்கே களைப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எண்ணெய்

அடுத்த பொங்கலுக்கு முன்னால் அத்தை ஈப்போவுக்கு வந்தார். முதல் விமானப் பயணம். மாமா இறந்த பிறகு ஊர் எல்லையைத் தாண்டாதவர். மருமகளுக்காகத் தாண்டினார். பெட்டி வந்துசேருமுன்பே, பாவாடை நாடாவில் முடிந்து கொண்டுவந்திருந்த துணிப்பொட்டலத்தை விமான நிலையத்திலேயே தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் புதுத் தாலியும் புதுக் கொடியும் இருந்தன. அதே ஆசாரி செய்தது.

“வெள்ளிக்கெழம தலமுழுகிட்டுக் கோத்துப் போட்டுருவோம்” என்றார்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் நான் நாலு கிலோ இளைத்திருப்பேன். புதுக் கொடியைப் போட்டுக்கொண்டால் மறுபடி தெருவில் இறங்க என்னால் ஆகாது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். போன தடவை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றப் பார்த்தவள், இப்போது ஏன் பயப்படுகிறாள்? இதற்குப் பதில் நிஜத்தில்தான் இருந்தது, பொய்யில் இல்லை. நிஜத்தைச் சொன்னால் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்று தெரியவில்லை.

“பேசாம போட்டுக்க. அம்மா ஊருக்குப் போனதும் பாத்துக்கலாம்” என்றார் அவர். ஆம்பிளைகளுக்கு எல்லாமே பார்த்துக்கொள்ளலாம்தான்.

வெள்ளிக்கிழமை காலை. அவர் வேலைக்குப் போய்விட்டார். பின்கட்டில் சிமெண்ட் தரை, துவைக்கிற இடம். முக்காலியைப் போட்டு என்னை உட்காரவைத்து, அத்தை நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்துத் தேய்த்தார். சமையலறையில் மிளகு போட்ட எண்ணெயின் வாசம். கல்யாணமான முதல் தீபாவளிக்கு அப்படித் தேய்த்துவிட்டது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

பின்மயிரை அள்ளி முன்னால் போட்டார். பின்கழுத்தில் விரல் நின்றது.

“ஏத்தா, தையல் போட்ட எடம் எது?”

நான் முக்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டேன்.

“ஒரு கீறலயும் காணமே.” விரல் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை போயிற்று. “ரத்தமாக் கொட்டுச்சுன்னானே?”

எனக்கு அலுத்துவிட்டது. தைரியம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. இன்னொரு பொய்யை யோசிப்பதற்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

“ரத்தம் வரலத்தே. தையலும் போடல. அவன் பறிக்கல. நானே கழட்டிக் குடுத்தேன்.”

தலைமேல் இருந்த கை நின்றுவிட்டது.

“ஒங்கையாலயா?”

“ஆமாத்தே. கத்தி வச்சிருந்தான். திருகாணி எறங்கல. எறங்குற வரைக்கும் நின்னு, நான் கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடுத்ததும் வாங்கிட்டுப் போனான்.”

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். எண்ணெய் நெற்றி வழியாக இறங்கி மூக்கில் சொட்டியது. லெட்சுமி அக்கா வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடிந்து நின்றது. நான் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கை மறுபடி தேய்க்க ஆரம்பித்தது.

“ஒங்க மாமா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தாகளே, அன்னக்கி என் கழுத்துலதான் கெடந்துச்சு” என்றார். “ஒரு நா கழட்டுனதில்லத்தா. புள்ள பெறயில நர்சு கழட்டச் சொன்னா, முடியாதுன்னுட்டேன். காச்சல்ல கெடந்தப்பவும் கழட்டல. கண்ணுல ஒத்திக்காம ஒரு நா வாசத் தெளிச்சதில்ல. என்னத்தக் காப்பாத்துச்சு?”

திரும்பி அவர் முகத்தைப் பார்க்கப் போனேன். “குனிஞ்சிரு” என்று தலையை அழுத்தினார்.

“அப்பறம் எங்கழுத்துலருந்து எடுத்தாக. அன்னக்கி எல்லாருக்கும் அவசரம். நான் ஒத்திக்கிறவரைக்கும் யாரும் நிக்கல.”

தோளில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்துவிட்டார். முடிந்துவைத்திருந்த பொட்டலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அது பெட்டியில கெடக்கட்டும். நீ கயித்துலயே போட்டுக்க. இனிமேயும் எவனாச்சும் வந்து கேட்டா குடுத்துரு. கயித்தக் கேட்டாலும் குடுத்துரு. எம்மகனுக்கு ஒண்ணும் ஆகாது. குடுத்துட்டு நீ வீட்டுக்கு வந்துருத்தா.”

ஈப்போவுக்கு வந்த நாளிலிருந்து எப்படி நடக்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்று எத்தனையோ பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வந்துவிடு என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

சீயக்காயைக் குழைத்து உச்சியில் வைத்தார். கண்ணில் இறங்கி எரிந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. அவரும் எனக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இந்த ஊரு சீயக்கா ரொம்பக் காரம்” என்றார். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த சீயக்காய் அது.